மின்சாரமில்லா நீரிறைப்பும் மண்ணில்லாப் பயிர்ச்செய்கையும்: திருகோணமலையில் எது நடக்கும், எது நடக்காது

2022 மார்ச் மாத இறுதியில் இலங்கையில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் நின்றது. பிவிசி குழாய்களுக்குள் மெல்லிய நீரோட்டத்தில் சலாது வளர்க்கும் முறைக்கு இதைவிடக் கொடிய சோதனை இல்லை. அந்தக் குழாயின் அடியில் ஓடுவது சில மில்லிமீற்றர் உயரமுள்ள நீர்ப்படலம்தான். நீரைச் சுற்றவைக்கும் மோட்டர் நின்றால் அது வடிந்துவிடும். திருகோணமலையின் உச்சிவெயிலில் வேர்கள் காயத் தொடங்க அதிக நேரம் எடுக்காது. ஐந்து வாரம் பார்த்துப் பார்த்து வளர்த்தது ஒரே மதியத்தில் தலைசாய்ந்துவிடும். பொருளாதார நெருக்கடிக் காலம் முடிந்த பிறகும் இந்த ஆபத்து முற்றாக நீங்கவில்லை: 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுவதும் ஒரே நேரத்தில் மின்சாரம் இழந்தது. மண்ணெண்ணெயில் ஓடும் நீர்ப்பம்பியை நம்பியவர்களுக்கும் நிம்மதி கிடைக்கவில்லை. 2022 ஓகஸ்ட்டில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் 87 ரூபாவிலிருந்து ஒரே தாவலில் 340 ரூபாவானது. நிலாவெளி, குச்சவெளிப் பக்கத்துச் சின்ன வெங்காயத் தோட்டங்களில் அந்த விலை எவ்வளவு வலித்திருக்கும் என்பதை விளக்கத் தேவையில்லை.

ஆகவே, எந்தச் சக்தியும் செலவழிக்காமல் நீரை மேலே ஏற்றும் பம்பி ஒன்றுக்காக ஏங்குவது மிக இயல்பானது. அந்த ஏக்கத்தைக் காசாக்கும் காணொளிகளும் ஏராளம். இரண்டு போத்தல், மூன்று குழாய், ஒரு பிடி பசை. தண்ணீர் தானாக மேலேறி விழுந்து மீண்டும் ஏறுகிறது. அவற்றில் பெரும்பாலானவை அலெக்சாந்திரியாவின் ஹீரோன் கி.பி. முதலாம் நூற்றாண்டில் விவரித்த நீரூற்றின் வடிவங்கள்தான். அந்த ஊற்று உண்மையாகவே வேலை செய்யும். மேல் தட்டிலிருந்து கீழே இறங்கும் நீர், அடியில் மூடிய பாத்திரத்துக்குள் காற்றை அழுத்தும். அந்தக் காற்று நடுவிலிருக்கும் இன்னொரு பாத்திரத்து நீரை மேலே தள்ளும். கீழ்ப்பாத்திரம் நிரம்பியதும், அல்லது நடுப்பாத்திரம் வெறுமையானதும், எல்லாம் நின்றுவிடும். காணொளி அதற்கு முன்பே முடிந்துவிடுவதால் நமக்கு அது தெரிவதில்லை.

1000 லீற்றர் நீரை ஒரு மீற்றர் உயர்த்த 9.8 கிலோயூல் சக்தி வேண்டும். மின்சாரப் பட்டியலின் கணக்கில் இது ஒரு யூனிட்டில் ஏறத்தாழ 370இல் ஒரு பங்கு. மிகச் சிறிய தொகைதான். ஆனாலும் யாராவது அதைக் கொடுத்தே ஆகவேண்டும். வெயில், காற்று, மழை, விழும் நீர், மனிதக் கால் ஆகியவற்றில் ஏதோ ஒன்று. எனவே "சக்தியில்லாப் பம்பி" என்று சொல்லும்போது நாம் தேடுவது, பணம் கேட்காத சக்தி ஒன்றைத்தான்.

விழும் நீரைக் கொண்டு நீரை ஏற்றும் கருவிகளில் மிகப் புகழ்பெற்றது ஹைட்ராலிக் ராம். இங்கிலாந்தின் ஜோன் வைட்ஹேர்ஸ்ட் 1772இல் கையால் திறந்து மூடும் வடிவம் ஒன்றை அமைத்தார். வெப்பக்காற்றுப் பலூனால் அறியப்பட்ட பிரான்சின் ஜோசப் மொங்கோல்பியே 1796இல் அதைத் தானாக இயங்கவைத்தார். குழாய் வழியே வேகமெடுத்து இறங்கும் நீரை ஒரு வால்வு சட்டென்று அடைத்துவிடும். ஓடிவந்த நீருக்கு வேறு வழியில்லாமல் அமுக்கம் ஒரு கணம் பலமடங்கு உயரும். அந்தக் கணத்தில் சிறிதளவு நீர் இரண்டாவது வால்வைத் தள்ளிக்கொண்டு மேலே போய்விடும். பிறகு அமுக்கம் தணிந்து முதல் வால்வு திறக்கும், மீண்டும் அதே அடி. எண்ணெய் வேண்டாம், கம்பி வேண்டாம், இரவு பகல் பாராமல் வருடக்கணக்கில் தட்டிக்கொண்டே இருக்கும். அருமையான இயந்திரம் என்பதில் எனக்கு எந்த ஐயமும் இல்லை.

ஆனால் அதன் கணக்கைப் பார்க்கவேண்டும். நீர் 2 மீற்றர் விழுகிறது, அதை 10 மீற்றர் ஏற்றவேண்டும், கருவியின் வினைத்திறன் 60 சதவீதம் என்று கொள்வோம். உள்ளே வரும் 100 லீற்றரில் 12 லீற்றர் மேலே போகும். 88 லீற்றர் கீழே வழிந்தோடும். நுவரெலியா, பதுளைச் சரிவுகளில் வருடம் முழுவதும் ஓடும் ஓடைக்கு இது நட்டமே இல்லை. திருகோணமலையிலோ உப்புவெளி முதல் குச்சவெளி வரை மணற்கரை, மூதூர், கிண்ணியாப் பக்கம் தட்டையான ஆற்றுச்சமவெளி. மகாவலி கொட்டியாரக் குடாவில் வந்து சேரும்போது விழுவதற்கு உயரம் எதுவும் மிச்சமில்லை. கந்தளாய்க் குளத்துக்குக் கீழே வாய்க்கால்களில் சிறு வீழ்ச்சிகள் உண்டு; அந்த நீரோ பெரும்போகத்துக்கும் சிறுபோகத்துக்கும் முறைவைத்துத் திறக்கப்படுவது, தம்பலகாமத்து வயல்களுக்கு உரியது. அடைக்கப்பட்ட வாய்க்காலில் ராம் உறங்கிப்போகும். கிணற்று நீரில் அது இயங்கவே இயங்காது, ஏனென்றால் கிணற்றில் நீர் நின்றுகொண்டிருக்கிறது, விழவில்லை. கரையோர வீட்டுத் தோட்டத்துக்கு ராம் வாங்கிக் காசைத் தொலைக்கவேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து.

இங்கே ஒரு படி பின்னே போய், அந்தக் குழாய்த் தோட்டத்தில் மோட்டர் உண்மையில் என்ன வேலை செய்கிறது என்று கேட்டுப் பார்க்கவேண்டும். 100 சலாதுச் செடிகள், நன்றாக வளர்ந்த நிலையில், ஒரு வெயில் நாளில் குடிக்கும் நீர் ஏறத்தாழ 20 லீற்றர். ஒரு வாளிதான். அவற்றை ஐந்து குழாய்களில் வைத்து, வழமைப்படி குழாய்க்கு நிமிடத்துக்கு ஒரு லீற்றர் ஓடவிட்டால், ஒரு நாளில் 7200 லீற்றர் நீர் மேலே ஏற்றப்படுகிறது. செடிக்குத் தேவையானதைப்போல் 360 மடங்கு! ஒரே தண்ணீரைத் திரும்பத் திரும்பத் தூக்கிக்கொண்டிருக்கிறோம். 20 லீற்றரை ஒன்றரை மீற்றர் உயர்த்த ஒருவர் ஒருமுறை குனிந்து நிமிர்ந்தால் போதும். மின்கட்டணம், மின்வெட்டுப் பயம், பழுதடையும் மோட்டர் எல்லாம் மீதி 7180 லீற்றரின் விளைவு.

அந்தச் சுற்றோட்டம் எதற்கு? வேருக்கு ஒட்சிசன் கொடுக்க. வேரும் மூச்சுவிடுகிறது. நீருக்குள் ஒட்சிசன் பரவும் வேகம், காற்றில் பரவுவதைவிடப் பத்தாயிரம் மடங்களவு குறைவு. எனவே அசையாத நீரில் மூழ்கிய வேர் தன்னைச் சுற்றியுள்ள ஒட்சிசனை எடுத்து முடித்ததும் திணறத் தொடங்கும். வெப்பம் இந்த நிலையை இருபுறமும் மோசமாக்குகிறது. 20 பாகை செல்சியஸில் ஒரு லீற்றர் நீர் 9.1 மில்லிகிராம் ஒட்சிசனைத் தாங்கும். 30 பாகையில் 7.5 மில்லிகிராம்தான். அதேநேரம் சூடேறிய வேர் கூடுதலாக மூச்சுவிடும், வேரழுகல் பூஞ்சைக்கும் சூடு பிடிக்கும். மே தொடக்கம் செப்டெம்பர் வரை கச்சான் காற்று வீசும் நாட்களில் கறுப்புக் குழாயொன்றைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு நான் என்ன சொல்கிறேன் என்பது புரியும். குளிர்நாடுகளில் வடிவமைத்த முறையொன்றை அப்படியே இங்கே கொண்டுவந்து நிறுத்தும்போது மோட்டர் ஓடினாலும் செடி வாடுவதற்கு இதுவே காரணம்.

ஒட்சிசனை வேறு வழியில் கொடுக்க முடிந்தால் சுற்றோட்டம் தேவையற்றதாகிவிடும். சுற்றோட்டம் போனால் பம்பியும் போய்விடும். ஹவாய்ப் பல்கலைக்கழகத்தின் பேர்னாட் கிராட்கி இந்தக் கேள்வியைத்தான் எடுத்துக்கொண்டார். அவருடைய முறையில் பெட்டி நிறையப் போசணைக் கரைசல், அதாவது செடிக்கு வேண்டிய உர உப்புகள் கரைத்த நீர், ஊற்றப்படும். மூடியில் துளையிட்டு நாற்றுக் கிண்ணம் பொருத்தப்படும். கிண்ணத்தின் அடி மட்டும் கரைசலைத் தொடும். செடி குடிக்கக் குடிக்கக் கரைசலின் மட்டம் இறங்கும். மூடிக்கும் நீருக்கும் நடுவே ஈரக்காற்று நிரம்பிய வெளி ஒன்று உருவாகும். அந்த வெளியில் தொங்கும் வேர்கள் மயிரடர்ந்து காற்றிலிருந்து நேராக ஒட்சிசனை எடுக்கும்; கீழே மூழ்கியவை நீரையும் உப்புகளையும் எடுக்கும். ஒரு சலாதுச் செடி நட்டதிலிருந்து அறுவடை வரை எடுப்பது ஏறத்தாழ 4 லீற்றர். அதை முதல் நாளே ஊற்றிவிட்டால், அறுவடை நாள்வரை எதுவும் அசையவேண்டியதில்லை.

நீரைத் தூக்கும் வேலையைச் செடியே செய்கிறது. இலைத் துளைகளிலிருந்து நீர் ஆவியாகும்போது தண்டுக்குள்ளிருக்கும் நீர்த்தூண் மேல்நோக்கி இழுபடும். நூறு மீற்றருக்கும் உயரமான மரங்களின் உச்சிக்கு நீர் போவதும் இதே ஆவியுயிர்ப்பின் இழுவையால்தான். 20 லீற்றர் நீரை ஆவியாக்க வெயில் கொடுக்கும் வெப்பம் ஏறத்தாழ 13 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். இவ்வளவு சக்தி ஏற்கனவே தோட்டத்துக்குள் வேலை செய்துகொண்டிருக்க, அதன் பக்கத்தில் இன்னொரு மோட்டரை ஓடவிடுவது எனக்குப் பெரும் வீணாகவே தெரிகிறது.

மீன்பிடித் துறைகள் நிறைந்த இந்த மாவட்டத்தில் இதற்கான பாத்திரத்தைத் தேடி அலையவும் வேண்டாம். ஐஸ் போட்டு மீன் ஏற்றும் ரெஜிபோம் பெட்டிகள் வெப்பத்தைத் தடுப்பதற்கென்றே செய்யப்பட்டவை. கழுவி, உள்ளே தடித்த கறுப்புப் பொலித்தீன் விரித்தால் கசிவும் இல்லை, வெளிச்சமும் புகாது. வெளிச்சம் புகாவிட்டால் பாசியும் பிடிக்காது. துளையிட்ட யோகட் கப் நாற்றுக் கிண்ணமாகும். போசணைக்குக் கடைகளில் அல்பேர்ட் கலவை என்று கேட்டால் தருவார்கள். கச்சான் வீசும் மாதங்களில் செடி உப்பைவிட நீரையே அதிகம் இழுப்பதால் மீதியிருக்கும் கரைசல் தடித்துக்கொண்டே போகும். அந்தக் காலத்தில் கலவையைச் சற்று ஐதாகக் கரைப்பதே நல்லது. பெட்டியை நிழல்வலைக்குக் கீழே, பாதி மணலில் புதைத்து வைத்தால் வேர்ச்சூடு இன்னும் தணியும்.

இந்த முறையைக் கெடுப்பது பெரும்பாலும் நல்லெண்ணம்தான். மட்டம் இறங்கியிருப்பதைக் கண்டு பதறி, விளிம்புவரை நீர் ஊற்றிவிடுவார்கள். காற்றுக்குப் பழகிய வேர்கள் ஒரே நாளில் மூழ்கிப்போகும். செடி தண்ணீருக்குள் நின்றபடியே வாடும். நீர் சேர்ப்பதாக இருந்தால் பெட்டியின் பாதிக்குமேல் ஏறவிடக்கூடாது. நவம்பர், டிசம்பர் மழை இதே தீங்கைச் சொல்லாமல் செய்துவிடும். ஆகவே வாடைக் காலத்தில் மேலே ஒளிபுகும் பொலித்தீன் கூரை கட்டாயம். பெட்டியின் பக்கத்தில் பாதி உயரத்தில் வழிவுத்துளை ஒன்றும் வேண்டும்; தொடக்கத்தில் அதை அடைத்துவைத்து, மட்டம் அதற்குக் கீழே இறங்கிய பிறகு திறந்துவிடவேண்டும்.

அதைவிடப் பெரிய எச்சரிக்கை நுளம்பு. 2017இன் தொடக்கத்தில் கிண்ணியாவில் டெங்கு பரவி உயிர்களைப் பறித்ததை இந்த மாவட்டம் மறக்கவில்லை. ஈடிஸ் நுளம்பு முட்டையிலிருந்து பறக்கும் பருவத்தை அடைய ஒரு வாரம், பத்து நாள் போதும். நமது பெட்டியிலோ நீர் ஐந்தாறு வாரம் அசையாமல் நிற்கிறது. மூடி இறுக்கமாக இருக்கவேண்டும், கிண்ணம் துளைக்குள் இடைவெளியின்றி உட்காரவேண்டும், வழிவுத்துளைக்கு நுண்வலை கட்டவேண்டும். வாரம் ஒருமுறை மூடியைத் தூக்கிக் குடம்பி இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். இவ்வளவும் செய்ய மனமில்லாதவர் இந்த முறையைத் தொடவே கூடாது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வருவார் என்பதற்காகச் சொல்லவில்லை. பக்கத்து வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள்.

திறந்த நீரை அறவே தவிர்க்க விரும்புவோருக்குத் திரி முறை இருக்கிறது. மேலே தும்புத்தூள் நிரப்பிய சாடி, கீழே மூடிய நீர்த்தாங்கி, இரண்டையும் இணைக்கும் துணித்திரி. நூல்களின் நுண்ணிய இடைவெளிகள் வழியே மயிர்த்துளைத் தன்மையால் நீர் ஏறும். நடைமுறையில் பத்துப் பதினைந்து சென்ரிமீற்றர் உயரத்துக்குமேல் நம்பமுடியாது. பருத்தித் திரி சில வாரங்களில் உக்கிப்போகும், நைலோன் அல்லது பொலியெஸ்டர் துணி நிலைக்கும். தும்புத்தூளை நன்னீரில் இரண்டு மூன்று முறை அலசி உப்பை நீக்கிய பிறகே நிரப்பவேண்டும். நீர் மட்டுமே மேற்பரப்பில் ஆவியாவதால் உப்பு அங்கே படியும். அவ்வப்போது மேலிருந்து வெறும் நீர் ஊற்றிக் கழுவிவிடவேண்டும்.

பல சாடிகளை ஒரே தட்டில் வைத்து மட்டத்தை மாறாமல் காக்க, கோழிக்குஞ்சுக்கு நீர் வைக்கும் கவிழ்த்த போத்தலின் தத்துவமே போதும். போத்தலின் வாய் நீருக்குள் மூழ்கியிருக்கும்வரை காற்று உள்ளே போகாது, நீரும் வெளியே வராது. மட்டம் வாய்க்குக் கீழே இறங்கியதும் ஒரு குமிழி உள்ளே போகும். அதற்கீடான நீர் வெளியே வரும். அசையும் பாகம் ஒன்றுமில்லை. பெரிய அளவில் செய்வதானால் கழிவறைத் தொட்டியில் இருக்கும் மிதவை வால்வு இதே வேலையைச் செய்யும்; அதற்கு முன்னால் வடி ஒன்று பொருத்தாவிட்டால் போசணை உப்பு அடைத்துக்கொள்ளும்.

பயிர்த் தேர்வையும் இதற்கேற்ப மாற்றலாம். கங்குன் இயல்பாகவே நீர்த்தாவரம். அதன் குழல்போன்ற தண்டு இலையிலிருந்து வேருக்குக் காற்றை இறக்கும். சேற்றில் நிற்கும் நெல்லுக்கும் இத்தகைய காற்றறைகள் உண்டு. புதிதாகத் தொடங்குபவர் கங்குனில் தொடங்குவதே புத்தி. வீட்டுச் சமையலுக்கும் அது சலாதைவிடப் பயன்படும். சலாதுக்குச் சந்தை என்றால் உப்புவெளி, நிலாவெளி ஹோட்டல்கள். அவற்றின் பருவம் மே முதல் செப்டெம்பர் வரை, அதாவது நீர் மிகக் குறைந்து வெப்பம் மிக ஏறியிருக்கும் அதே மாதங்கள். விலை கிடைக்கும் காலம்தான் வளர்ப்பதற்குக் கடினமான காலமும்.

இனி அந்த ஒரு வாளி நீர் எங்கிருந்து வருகிறது என்பதற்கு வருவோம். கரையோரக் கிணறுகளில் நன்னீர், மணலுக்குள் உவர்நீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே ஒரு மீற்றர் நன்னீர் இருந்தால் அதற்குக் கீழே நாற்பது மீற்றர் வரை நன்னீர் நிற்கும் என்பது நிலத்தடி நீரியலின் பழைய கணக்கு. அது திருப்பியும் வேலை செய்யும்: சக்திவாய்ந்த மோட்டரால் வேகமாக இறைத்து மேல்மட்டத்தைச் சிறிதளவு இறக்கினாலும், கீழேயிருந்து உவர்நீர் கூம்புபோல மேலெழும். 2004 டிசம்பர் 26ஆம் திகதிச் சுனாமியில் கரையோரக் கிணறுகள் பல உவர்ப்பானதைக் கண்டவர்களுக்கு, உப்பேறிய கிணறு எவ்வளவு மெதுவாகத் தேறும் என்பது தெரியும். ஆகவே இங்கே மெதுவாக இறைப்பது கிணற்றைக் காக்கிறது. துலாவும் வாளியும், அல்லது பங்களாதேஷில் 1970களின் பிற்பகுதியில் உருவாகிப் பரவிய மிதிபம்பி போன்ற கருவியும் மணற்கிணற்றுக்குப் பொருத்தமானவை. சாதாரண மனிதர் ஒருவர் களைக்காமல் தொடர்ந்து கொடுக்கக்கூடிய வலு 60 வாட் அளவு. அதில் பாதி வீணானாலும் 5 மீற்றர் ஆழக் கிணற்றிலிருந்து மணிக்கு 2000 லீற்றர் எடுக்கலாம். 200 லீற்றர் பரல் ஆறேழு நிமிடத்தில் நிரம்பும். உறிஞ்சும் வகைப் பம்பி எதுவும் நடைமுறையில் 7 மீற்றருக்குமேல் உறிஞ்சாது என்பதை மட்டும் கவனிக்கவேண்டும்.

கிணற்றைவிட நல்ல ஊற்று வானம். திருகோணமலையில் ஒக்டோபர் முதல் ஜனவரி வரை பெய்யும் மழை சராசரியாக 1000 மில்லிமீற்றரை எட்டும். 50 சதுர மீற்றர் கூரையில் ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் 40,000 லீற்றர் கிடைக்கும். உப்பில்லாத இந்த நீர் கரைசலுக்கு மிகச் சிறந்தது, அதோடு அது ஏற்கனவே உயரத்தில் இருக்கிறது! கடலிலிருந்து அதை உயர்த்தும் வேலையை வெயிலும் வாடைக்காற்றும் முடித்துவிட்டன. கூரைப் பீலியில் இரண்டரை மீற்றர் உயரத்தில் கையளிக்கின்றன. அதைக் கீழே ஓடவிட்டு, நிலத்துக்குள் போன பிறகு மோட்டரால் மறுபடி தூக்குவது எவ்வளவு பெரிய இழப்பு! கந்தளாய்க் குளம் கட்டியவர்கள் இந்த விடயத்தில் தெளிவாக இருந்தார்கள்: உயரத்தில் தேக்கினார்கள், மதகைத் திறந்தால் வயல்வரை நீர் தானாகப் போனது.

பெப்ரவரி முதல் செப்டெம்பர் வரை 240 நாட்களுக்கு, நாளுக்கு 20 லீற்றர் என்றால் 4800 லீற்றர். ஆக, 5000 லீற்றர் நீர்த்தாங்கி ஒன்று 100 செடிகளை அடுத்த மழைவரை காப்பாற்றும். அது நிரம்பினால் ஐந்து தொன். அதை மேடைமேல் ஏற்றும் ஆசை வேண்டாம். அரை மீற்றர் உயரமான கற்கட்டு அடித்தளமே போதும். மிதவை வால்வும் திரியும் அதிக உயரம் கேட்பவை அல்ல. தாங்கிக்குள் வெளிச்சமோ நுளம்போ போகக்கூடாது. பருவத்தின் முதல் மழை கூரையின் தூசையும் கடலுப்பையும் கழுவிக்கொண்டு வருவதால் அதைத் தாங்கிக்குள் விடாமல் வெளியே திருப்பிவிடவேண்டும்.

இந்தக் கணக்குக்கு எல்லையும் உண்டு. நன்கு வளர்ந்த தக்காளிச் செடி நாளொன்றுக்கு இரண்டு லீற்றர் குடிக்கும். 50 செடிக்கு நாளுக்கு ஐந்து வாளி; உயரமான பரலிலிருந்து சொட்டுக்குழாயில் இறக்கலாம், கையாலேயே சமாளிக்கலாம். 500 செடி என்றால் 1000 லீற்றர், ஐம்பது வாளி. அதை ஒரு குடும்பத்தின் முதுகில் ஏற்றுவதை நான் ஒருபோதும் ஆதரிக்கமாட்டேன். பெரும்பாலும் அது பெண்களின் முதுகாகவே இருக்கும். அந்த அளவில் சூரியப் பலகைதான் சரியான விடை. காற்றாலையும் முடியும், ஆனால் கடலோர உப்புக்காற்றில் அசையும் இரும்பைப் பராமரிப்பது ஓயாத வேலை. 1000 லீற்றரைக் கிணற்றடியிலிருந்து மேல்தாங்கிவரை 7 மீற்றர் உயர்த்தத் தேவையானது 19 வாட்மணி. சிறு பம்பியின் வினைத்திறன் 30 சதவீதம் என்று கொண்டாலும் 65 வாட்மணிக்குள் அடங்கும். 30 வாட் பலகையொன்று வெயில் நாளில் இதைக் கொடுத்துவிடும். மின்கலம் வாங்கத் தேவையில்லை. பகலில் பம்பி மெதுவாக ஓடித் தாங்கியை நிரப்பட்டும். மேகம் மூடினால் நிற்கட்டும், செடி அதை உணராது. மின்கலம் இல்லாததால் மூன்று நான்கு வருடத்துக்கு ஒருமுறை வரும் பெரிய செலவும் இல்லை. இணைப்புகளுக்கு மட்டும் கிறீஸ் பூசி, உப்புக்காற்று படாமல் மூடிவைக்கவேண்டும்.